கிளிப்போர்டுத் தமிழை நிரல் வழியாக ஒட்டுவது: விடையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்பி செய்த தமிழ் உரையைத் தான் எழுதிய நிரலே இன்னொரு மென்பொருளில் ஒட்டும்படி செய்வது எப்படி என்று தங்கள் கணினிப் பக்கத்தில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒட்ட வேண்டிய சாளரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, விசை அழுத்தங்களை அனுப்பும் சென்ட்கீஸ் கட்டளையால் கண்ட்ரோல்-வி அனுப்பினால் போதும் என்று நான்கு வரியில் விடை வந்திருந்தது. ஆங்கில உரை, ஒரே கணினி, ஒரே ஒரு தடவை என்றால் போதும்தான். தமிழ்ப் பெயர்களை நாளெல்லாம் வரிசை வரிசையாக ஒட்டப்போகிறவருக்கு அந்த விடை முதல் நாளே காலை வாரிவிடும். கேட்டவர் விண்டோஸ் பயன்படுத்துபவர் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன்.

கண்ட்ரோல்-வி அனுப்பும் நிரல் தானாக எதையும் ஒட்டுவதில்லை. விசை அழுந்தியதாக ஒரு சேதி மட்டும் எதிரே உள்ள சாளரத்துக்குப் போகிறது. கிளிப்போர்டை, அதாவது காப்பி செய்தது தங்கும் தற்காலிக இடத்தைத் திறப்பது, உள்ளிருக்கும் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, உரையைப் பதிப்பது ஆகிய எல்லாவற்றையும் அந்த மென்பொருள்தான் தனக்கு ஒழிந்த நேரத்தில் செய்துகொள்கிறது. என்ன ஒட்டப்பட்டது, எப்போது ஒட்டப்பட்டது, ஒட்டப்பட்டதா இல்லையா என்பது எதுவும் அனுப்பிய நிரலுக்குத் தெரியாது. ஆகவே கிளிப்போர்டிலிருந்து உரையை எடுப்பதையும், எடுத்ததை உரிய இடத்தில் சேர்ப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

எடுப்பதைப் பார்ப்போம். கிளிப்போர்டில் ஓர் உரை இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேர்டில் ஒரு பத்தியைக் காப்பி செய்தால் அதே பத்தி எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு உரையாகவும், மொழிக்கொரு குறிப்பட்டியல் கொண்ட பழைய ஆன்சி உரையாகவும், ஃபான்ட் போன்ற அலங்காரங்களோடு கூடிய ஆர்டிஎஃப் ஆகவும், எச்டிஎம்எல் ஆகவும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு: ஆன்சி உரைக்கு 1, யூனிகோடு உரைக்கு 13. பழைய நிரல்களும் பழைய பயிற்சிக் குறிப்புகளும் 1-ஐத்தான் கேட்கின்றன. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறிப்பட்டியலே கிடையாது. நம் ஊர்க் கணினிகளில் வழக்கமாக இருப்பது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252. எனவே 1-ஐக் கேட்டால் விண்டோஸ் தமிழை அந்தப் பட்டியலுக்குள் திணிக்கப் பார்த்து, முடியாமல் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு கேள்விக்குறியைத் தரும். ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாக வரும். மூன்று எழுத்துக்கு ஏன் ஐந்து? த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று கணினி அதை ஐந்து குறியெண்களாக வைத்திருக்கிறது. அவை 2980, 2990, 3007, 2996, 3021. இந்த ஐந்து எண்களையும் மனத்தில் வையுங்கள். கீழே மறுபடியும் தேவைப்படும்.

திரையில் தெரிவதைக் கொண்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். கேள்விக்குறிகள் வந்தால் உரை வழியிலேயே அழிந்துவிட்டது. எந்த ஃபான்டை மாற்றினாலும் திரும்ப வராது, எடுக்கும் நிரலில்தான் பிழை. கட்டம் கட்டமாக வந்தால் பெரும்பாலும் உரை பத்திரமாக இருக்கிறது, அந்தச் சாளரத்தின் ஃபான்டில் தமிழ் இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிக முத்திரைக் குறியும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) பைட்டுகளை யாரோ 1252 என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். இதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால் அது பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

விண்டோஸின் சொந்தக் கட்டளைகளை நேரடியாக அழைப்பவர்களுக்கு வரிசை இது. ஓப்பன்கிளிப்போர்டு அழைத்துத் திறக்க வேண்டும். 13-ஆம் வடிவம் இருக்கிறதா என்று பார்த்து, கெட்கிளிப்போர்டுடேட்டா மூலம் பிடியை (உரை இருக்கும் நினைவகத்தைக் குறிக்கும் எண்ணை) பெற்று, குளோபல்லாக் போட்டு, உரையை நம் சொந்த நினைவகத்துக்குப் படியெடுத்து, குளோபல்அன்லாக் போட்டு, குளோஸ்கிளிப்போர்டு அழைத்து உடனே மூடிவிட வேண்டும். பெற்ற பிடியை நாம் விடுவிக்கக் கூடாது, அது கணினிக்குச் சொந்தம். திறந்து வைத்துக்கொண்டு நடுவில் செய்திப்பெட்டி காட்டுவதும் கூடாது. பயனர் ‘ஓகே’ அழுத்தும் வரை வேறு எந்த மென்பொருளிலும் காப்பியும் நடக்காது, பேஸ்டும் நடக்காது.

திறக்கும் முயற்சியே தோற்பது அன்றாட நிகழ்வு. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கிளிப்போர்டைத் திறக்க முடியும். தெருக்குழாயில் ஒருவர் குடம் வைத்திருந்தால் அடுத்தவர் காத்திருப்பதைப் போலத்தான். ரிமோட் டெஸ்க்டாப், கிளிப்போர்டு மேலாளர்கள், கடவுச்சொல் மென்பொருள்கள் எல்லாம் புதிதாக ஏதாவது காப்பி ஆனதும் ஓடி வந்து திறந்து பார்க்கும். அதே நொடியில் நம் நிரலும் திறக்கப் பார்த்தால் தோற்கும். உடனே பிழை காட்டி நிறுத்தாமல், சில பத்து மில்லிவிநாடி இடைவெளி விட்டுப் பத்துத் தடவை முயல வேண்டும். டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ், உரையை வைக்கும்போது தானாகவே 100 மில்லிவிநாடி இடைவெளியில் 10 முறை முயல்கிறது. அங்கே வேறொரு பொறி உண்டு: கிளிப்போர்டைத் தொடும் இழை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) எஸ்டிஏ என்று குறிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். அப்படிக் குறிக்காத பின்னணி இழையிலிருந்து கேட்டால் பிழை எழும். சில சூழல்களில் பிழைகூட எழாமல் வெற்று உரை வரும், அது இன்னும் மோசம்.

பைத்தானில் சிடைப்ஸ் தொகுதியைக் கொண்டு இதே கட்டளைகளை அழைப்பவர்கள், திரும்பி வரும் மதிப்பின் வகையை நினைவக முகவரி (சுட்டி) என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல்லாவிட்டால் பைத்தான் அதை 32 பிட் எண்ணாக எடுத்துக்கொள்ளும். 64 பிட் விண்டோஸில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, சில நேரம் வேலை செய்யும், சில நேரம் நிரலே விழும். காலையில் ஓடியது மாலையில் விழுகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். உரையை எடுப்பது மட்டும்தான் வேலை என்றால் பைத்தானுடன் வரும் டிகிண்டரில் கிளிப்போர்டு_கெட் இருக்கிறது, பைபர்கிளிப் தொகுதியும் இருக்கிறது. இரண்டுமே விண்டோஸில் யூனிகோடாகவே தரும். சிடைப்ஸ் வழி போக வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை.

இன்னொன்று. காப்பி செய்த மென்பொருள் உரையை உண்மையிலேயே கிளிப்போர்டில் வைத்திருக்கும் என்ற உறுதி இல்லை. ‘கேட்டால் தருகிறேன்’ என்று பெயரை மட்டும் எழுதி வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு, ஆபீஸ் மென்பொருள்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. பெரிய காப்பி செய்துவிட்டு எக்செலை மூடப்போனால், கிளிப்போர்டில் நிறையத் தகவல் இருக்கிறது, வைத்துக்கொள்ளவா என்று அது கேட்பதற்குக் காரணம் இதுவே. காப்பி செய்த மென்பொருள் உறைந்து கிடந்தால் அதனிடம் கேட்கும் நம் நிரலும் சேர்ந்து உறையும். ஆகவே கிளிப்போர்டைப் படிக்கும் வேலையைத் திரையை வரையும் இழையில் வைக்காதிருப்பது நல்லது; டாட்நெட்டில் என்றால் அதற்கு எஸ்டிஏ வகையாகக் குறித்த தனி இழை வேண்டும்.

சேர்க்கும் பக்கம் வருகிறேன். தங்கள் விடையில் பெரிய ஓட்டை இங்கேதான்.

பெரும்பாலான ஒட்டு நிரல்கள் செய்வது இது: கிளிப்போர்டில் ஏற்கெனவே இருந்ததை எடுத்து வைத்துக்கொள்ளும், தன் உரையை வைக்கும், கண்ட்ரோல்-வி அனுப்பும், பழையதைத் திரும்ப வைக்கும். நாகரிகமான எண்ணம்தான். விசை அனுப்பும் கட்டளையோ, சேதியை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. எதிர்ச் சாளரம் அதை எடுத்துப் பார்த்துக் கிளிப்போர்டைத் திறப்பதற்குள் நம் நிரல் பழைய உரையைத் திரும்ப வைத்துவிட்டால், ஒட்டப்படுவது பழைய உரை. முருகேசன் என்று விழ வேண்டிய இடத்தில் அதற்கு முன் காப்பி செய்திருந்த யாருடைய கைப்பேசி எண்ணோ விழும். நடுவில் 50 மில்லிவிநாடி தூங்கவிட்டால் சரியாகிவிடுகிறது என்பார்கள். எழுதியவரின் கணினியில் சரியாகும். ரிமோட் டெஸ்க்டாப்பின் மறுமுனையிலும், இருபது தாவல் திறந்த உலாவியிலும் ஆகாது. ஒட்டும் இடத்தில் உரை வந்துசேர்ந்ததா என்று திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுப் பழையதை வைப்பதே நம்பத்தக்க வழி.

மேலே சொன்ன ‘கேட்டால் தருகிறேன்’ முறையை நாமே பயன்படுத்தினால், யாரோ உரையைக் கேட்கும்போது நமக்குச் சேதி வருமே, அப்போது ஒட்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாமே என்று தேர்ந்தவர்கள் யோசிப்பார்கள். நல்ல யோசனை, பாதிதான் பலிக்கும். விண்டோஸின் கிளிப்போர்டு வரலாறும் (முன்பு காப்பி செய்தவற்றின் பட்டியல்) மேலாளர் மென்பொருள்களும் அதே உரையை முந்திக்கொண்டு கேட்கும். கேட்டது யார் என்று உறுதியாகப் பிரித்தறிவது கடினம்.

பழையதைத் திரும்ப வைப்பதிலும் நேர்மை குறைவு உண்டு. உரை வடிவத்தை மட்டும் எடுத்து வைத்துத் திரும்ப வைத்தால், பயனர் காப்பி செய்திருந்த படமோ, எக்செல் அட்டவணையின் சூத்திரங்களோ போயே போய்விடும். எல்லா வடிவங்களையும் எடுத்து வைத்தால், பெயர் மட்டும் எழுதி வைத்திருந்த மென்பொருள் அத்தனையையும் உண்டாக்கித் தர வேண்டியிருக்கும். கணினி சில விநாடி திணறும். முடிந்தவரை பயனரின் கிளிப்போர்டைத் தொடாமலே வேலையை முடிப்பதுதான் என் பரிந்துரை. முடியும் என்று சற்றுக் கீழே காட்டுகிறேன்.

அதற்கு முன், விசை அனுப்பியே தீர வேண்டியவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ‘வி’ என்ற எழுத்தை அனுப்பாதீர்கள். ‘வி’ விசையின் எண்ணை, அதாவது 86-ஐ, சென்ட்இன்புட் என்ற விண்டோஸ் கட்டளையால் அனுப்புங்கள். எழுத்தைக் கொடுத்தால் பல கருவிகள் அப்போது இயங்கும் விசைப்பலகையில் அந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று தேடும். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் அதில் ஆங்கில ‘வி’ இல்லை; ஒட்டுதல் நடக்காமலே போகும். தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் பிழை என்பதால், ஆங்கில விசைப்பலகையில் சோதிப்பவர் கண்ணில் இது படாது.

குறுக்கு விசை ஒன்றை அழுத்தியதும் ஒட்டும்படி நிரல் இருந்தால், பயனரின் விரல் இன்னும் ஷிஃப்டிலோ ஆல்ட்டிலோ இருக்கும். நீங்கள் அனுப்பும் கண்ட்ரோல்-வி அங்கே கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி ஆகிவிடும். அந்த விசைகள் விடுபட்டதைப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். நிர்வாகி உரிமையோடு ஓடும் சாளரத்துக்குச் சாதாரண உரிமையில் ஓடும் நிரல் அனுப்பும் விசைகள் போய்ச் சேரா. விண்டோஸ் தடுத்துவிடும், தடுத்ததாகச் சொல்லவும் சொல்லாது. ஆபீஸ் மேக்ரோக்களை எழுதும் மொழியான விபிஏவின் சென்ட்கீஸ் சில கணினிகளில் நம்லாக்கையும் அணைத்துவிடும். எண்கள் தட்டும் அலுவலகத்தில் இந்த ஒரு தொல்லையே அதைக் கைவிடப் போதும்.

இனி, தொடாமல் முடிக்கும் வழிகள். எக்செலிலிருந்து வேர்டுக்கோ, எக்செலிலிருந்து எக்செலுக்கோ என்றால் கிளிப்போர்டுக்கு அங்கே வேலையே இல்லை. கலத்தின் வேல்யூ பண்பை நேராக எடுத்து, மறுபக்கம் வேர்டில் டைப்டெக்ஸ்ட் அல்லது இன்சர்ட்ஆஃப்டர் கொண்டு எழுதலாம். ஆயிரம் வரிசையை ஒரே அணியாகக் கலங்களில் இறக்கலாம். அலுவலகங்களில் நான் பார்க்கும் ஒட்டு மேக்ரோக்களில் பெரும்பகுதி இப்படி ஒரே வரியில் மாற்றக்கூடியவை. மேக்ரோவுக்குள்ளேயே தமிழ்ச் சொல்லை எழுத வேண்டுமானால், விபிஏ எடிட்டர் தமிழை ஏற்காது, கேள்விக்குறியாக்கிவிடும். சிஎச்ஆர்டபிள்யூ சார்பில் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து இணைத்தால் ‘தமிழ்’ கிடைக்கும். அதைவிட எளிது, சொற்களை மறைத்த ஒரு தாளின் கலங்களில் வைத்துக்கொண்டு அங்கிருந்து எடுப்பது.

விபிஏவில் கிளிப்போர்டு வேண்டியே தீரும் என்பவர்கள் எம்எஸ்ஃபார்ம்ஸின் டேட்டாஆப்ஜெக்டைப் பயன்படுத்துகிறார்கள். ஃபைல் எக்ஸ்புளோரர் சாளரம் திறந்திருக்கும்போது அது கிளிப்போர்டில் நம் உரைக்குப் பதில் இரண்டு பொருளற்ற குறிகளை வைத்துவிடுவது விண்டோஸ் 10-இல் பலர் கண்ட கோளாறு. விண்டோஸ் கட்டளைகளைப் பிடிஆர்சேஃப், லாங்பிடிஆர் என்ற அறிவிப்புகளோடு நேரடியாக அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த இரண்டு அறிவிப்புகளையும் விட்டால் 64 பிட் ஆபீஸில் மேக்ரோ ஓடாது.

நோட்பேட் போன்ற சாதாரண உரைப்பெட்டி என்றால் ஈஎம்_ரிப்ளேஸ்செல் என்ற சேதியோடு உரையையே அனுப்பிவிடலாம். கிளிப்போர்டிலிருந்தே எடுத்துக்கொள் என்று டபிள்யூஎம்_பேஸ்ட் அனுப்பினாலும் கேட்கும். உலாவியும் புதுப்பாணி மென்பொருள்களும் இவற்றுக்குச் செவிசாய்ப்பதில்லை. அங்கே பிற மென்பொருளின் திரையை நிரலால் இயக்க உதவும் யூஐ ஆட்டோமேஷனின் வேல்யூபேட்டர்ன் வழியாக மதிப்பை வைக்கலாம். கடைசி வழியாக சென்ட்இன்புட்டில் யூனிகோடு கொடியைப் போட்டு ஒவ்வொரு குறியெண்ணாகத் தட்டச்சு செய்வதுபோல் அனுப்பலாம். பெயர், ஊர் போன்ற சிறு உரைக்கு அது நன்றாக வேலை செய்யும். பக்கக்கணக்கில் அனுப்பினால் மெதுவாகும். நடுவில் பயனர் வேறு சாளரத்தைச் சொடுக்கினால் மீதி அங்கே போய் விழும்.

இணையப் பக்கத்தை எழுதுபவர்களுக்கு விதிகள் வேறு. பக்கத்தின் நிரல் தானாகக் கிளிப்போர்டைப் படிக்க ரீட்டெக்ஸ்ட் என்ற வசதி உண்டு. எச்டிடிபிஎஸ் போன்ற பாதுகாப்பான முகவரியில் மட்டுமே கிடைக்கும், பயனரின் அனுமதியும் வேண்டும். சில உலாவிகள் ‘ஒட்டு’ என்ற சிறு பொத்தானைக் காட்டி, பயனர் அதை அழுத்தினால்தான் தரும். பயனரே கண்ட்ரோல்-வி அழுத்தும்போது எழும் பேஸ்ட் நிகழ்வைப் பிடித்துக்கொள்வதுதான் தொல்லையில்லாதது: இயல்பான ஒட்டுதலைத் தடுத்து, நிகழ்வோடு வரும் கிளிப்போர்டுடேட்டாவிலிருந்து எளிய உரையை எடுத்து, சுத்தம் செய்து, சேர்க்கலாம். சேர்க்கும்போது பெட்டியின் மதிப்பை அப்படியே மாற்றினால் கண்ட்ரோல்-இசட் வேலை செய்யாமல் போகும். உலாவியின் பழைய கட்டளையான எக்செக்கமாண்டின் இன்சர்ட்டெக்ஸ்ட் காலாவதியானது என்று அறிவிக்கப்பட்டும் பலர் அதை விடாதிருப்பது, அது ‘அன்டூ’வைக் காப்பாற்றுவதால்தான். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கட்டிய படிவங்களில் மதிப்பை வைத்தால் மட்டும் போதாது. இன்புட் நிகழ்வையும் எழுப்பாவிட்டால், கண்ணுக்குப் பெயர் தெரியும், அனுப்பும்போது வெற்றாகப் போகும்.

உரை சரியாக வந்து சரியாக ஒட்டியும் வேலை கெடுவது உண்டு. எக்செலில் ஒரே ஒரு கலத்தைக் காப்பி செய்தாலும் கிளிப்போர்டுக்கு வரும் உரையின் முடிவில் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடல் பெட்டியில் இட்டால் பெயர் இல்லை என்று வரும். கட்டளைச் சாளரத்தில் ஒட்டினால் என்டர் அழுத்தாமலே கட்டளை ஓடிவிடக்கூடும். பல கலங்கள் என்றால் நடுவே தாவல் குறி வரும். கலத்துக்குள்ளேயே வரி உடைத்திருந்தால் அந்தக் கலம் முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள் வரும். வரிமுறிவைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி வரிசைகளாகப் பிரிக்கும் நிரல் இங்கே இடறும்.

இணையப் பக்கங்களிலிருந்து வரும் உரையில் சாதாரண இடைவெளிக்குப் பதில் 160-ஆம் எண் கொண்ட உடையா இடைவெளி இருக்கும். எக்செலின் டிரிம் அதை நீக்காது. சப்ஸ்டிட்யூட் கொண்டு முதலில் சாதாரண இடைவெளியாக்க வேண்டும். 8203, 8204, 8205 ஆகிய அகலமில்லாக் குறிகளும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

தமிழுக்கே உரிய சிக்கல் இனி. ‘கொ’ என்பதைக் க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒட்டுவதற்கு முன், இப்படிப்பட்ட வேறுவேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு விதியான என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுதியிலும், ஜாவாஸ்கிரிப்டிலும் டாட்நெட்டிலும் நார்மலைஸ் என்ற பெயரிலும் இது கிடைக்கிறது. அதன் உறவான என்எஃப்கேசி வேண்டாம், அது சதுர மீட்டரின் மேலே உள்ள சிறு 2-ஐப் பெரிய 2-ஆக்கிவிடும்.

என்எஃப்சியாலும் தீராதவை இரண்டு. கௌசல்யாவின் ஔகாரத்தை முறையான குறியால் எழுதாமல், எகரக் கொம்போடு ‘ள’ எழுத்தைச் சேர்த்துத் தட்டியிருப்பார்கள். அப்போது அது கணினிக்கு ‘கெளசல்யா’. மற்றொன்று ஸ்ரீ. ‘ஸ’வில் தொடங்கும் ஸ்ரீயும், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கும் ஶ்ரீயும் திரையில் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். ஸ்ரீதரன் பட்டியலில் இருந்தும் கிடைக்கவில்லை என்றால் இங்கே பாருங்கள். ஸ்ரீயை ஏதாவது ஒரு வடிவத்துக்குக் கட்டாயமாக மாற்றும் வரியை நிரலில் நாமே எழுத வேண்டும். ஔகாரத்தை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. ‘வெள்ளம்’ என்பதில் எகரக் கொம்புக்குப் பின் வரும் ‘ள’ உண்மையான ‘ள’. பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்துத்தான் திருத்த வேண்டும்.

பழைய ஃபான்டுகள். பாமினியில் ‘தமிழ்’ என்பது கிளிப்போர்டில் ஆங்கில எழுத்துகளாக ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். தமிழாகத் தெரிவது ஃபான்டின் வேலை. எளிய உரையாக எடுத்தால் ஃபான்டின் பெயர் தொலைந்துவிடும். பிறகு எது பாமினித் தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்க வழியில்லை. மாற்றி நிரலில் இட்டால் நடுவில் வந்த ஆங்கில மின்னஞ்சல் முகவரியும் தமிழ்ப் பிதற்றலாக மாறும். இதற்கு வழி, அதே கிளிப்போர்டில் கூடவே இருக்கும் ஆர்டிஎஃப் அல்லது எச்டிஎம்எல் வடிவத்தை எடுப்பது. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஃபான்டின் பெயர் இருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விடலாம். வானவில், டாம், டிஸ்கி எல்லாவற்றுக்கும் இதுவே முறை, மாற்று அட்டவணைதான் வேறு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஆனாலும் அதற்கு முந்தைய ஃபைல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, எனவே இந்த வேலை இப்போதைக்குத் தீராது.

ஆர்டிஎஃப் படிப்பவர் கவனிக்க: அதில் யூனிகோடுத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் பின்சாய்கோடு, ‘யு’, பத்தடிமான எண் என்று வரும், அதையடுத்து, யூனிகோடு தெரியாத பழைய மென்பொருளுக்கென்று ஒரு கேள்விக்குறியும் வழக்கமாக நிற்கும். அந்தக் கேள்விக்குறியைத் தாண்டிப் போகாவிட்டால் எழுத்துக்கு எழுத்து நடுவே கேள்விக்குறி விழும்.

எச்டிஎம்எல் வடிவத்தை நாமே எழுதி வைப்பதாயிருந்தால் அதன் தலைப்பில் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்கள் தர வேண்டும். அவை பைட் கணக்கு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ 15 பைட். சரத்தின் நீளம் என்று 5 போட்டால் மீதி 10 பைட் வெட்டுப்பட்டு, ஒட்டும்போது வாக்கியத்தின் வால் காணாமல் போகும். ஆங்கிலத்தில் சோதித்தால் இரண்டு கணக்கும் ஒன்றாக வருவதால் பிழை தெரியாது. முதலில் யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றிவிட்டு அதன் நீளத்தை எண்ண வேண்டும். 13-ஆம் வடிவத்துக்கோ கணக்கு வேறு: குறியெண்ணுக்கு 2 பைட், முடிவில் வெற்றுக்குறிக்கு 2. ‘தமிழ்’ வைக்க 12 பைட் ஒதுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மூன்றெழுத்தை எண்ணி 8 ஒதுக்குபவரின் நிரல் பக்கத்து நினைவகத்தில் போய் எழுதும்.

மற்ற தளங்களைச் சுருக்கமாக. திரையைக் கவனிக்கும் பழைய முறையான எக்ஸ்11 ஓடும் லினக்ஸில் காப்பி செய்த நிரல் உயிரோடு இருந்தால்தான் ஒட்ட முடியும். வைத்துவிட்டு உடனே முடிந்துபோகும் நிரலின் உரையும் அதோடு போய்விடும். எக்ஸ்கிளிப் கருவி பின்னணியில் தங்கி இருப்பது அதற்காகவே. அதன் புதிய மாற்றான வேலேண்டில் டபிள்யூஎல்-காப்பி, டபிள்யூஎல்-பேஸ்ட் கருவிகள் உண்டு. மேக்கில் பிபிகாப்பி, பிபிபேஸ்ட் இரண்டும் கையால் ஓட்டினால் ஒழுங்காக இருக்கும். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் மூலம் ஓட்டினால் மொழிச்சூழல் அமையாததால் தமிழ் சிதையும். எல்சி_சிடைப் மாறியை யூடிஎஃப்-8 என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பிலிருந்து, திரையில் முன்னால் இருக்கும் செயலியும் இயல்பு விசைப்பலகையும் தவிர மற்றவை கிளிப்போர்டைப் படிக்க முடியாது. 12-இலிருந்து படித்தால் பயனருக்கு அறிவிப்பு வரும். ஐஓஎஸ் 14-இல் அறிவிப்பாக இருந்தது 16-இல் அனுமதிக் கேள்வியாயிற்று. பின்னணியில் படிக்கும் செயலி எழுதும் எண்ணமிருந்தால் கைபேசியில் அதை விட்டுவிடலாம்.

கிளிப்போர்டில் ஆதார் எண்ணும் வங்கிக் கடவுச்சொல்லும் வந்து போகின்றன. எடுத்த உரையைச் சோதனைக்கென்று பதிவு ஃபைலில் எழுதும் வரியை வெளியிடும் முன் நீக்குங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து விண்டோஸ்-வி விசைகளால் திறக்கும் கிளிப்போர்டு வரலாறு 25 உருப்படிகள் வரை வைத்துக்கொள்கிறது. அந்த வசதி இயங்கும் கணினியில் உங்கள் நிரல் வைக்கும் ஒவ்வொரு பெயரும் அதில் ஏறும், பயனர் வைத்திருந்ததைப் பின்னே தள்ளும். உரையோடு கூடவே கேன்இன்க்லூட்இன்கிளிப்போர்டுஹிஸ்டரி என்ற வடிவத்தைப் பதிந்து அதில் 0 வைத்தால் வரலாற்றில் ஏறாது. கிளிப்போர்டு மாறியதா என்று நொடிக்குப் பத்துத் தடவை திறந்து பார்க்கும் நிரல்களும் உண்டு. மற்றவர்களின் காப்பி தோற்பதற்கு இவை பெரிய காரணம். ஆட்கிளிப்போர்டுஃபார்மட்லிஸனர் அழைத்து வைத்தால் மாறும்போது விண்டோஸே சேதி சொல்லும். திறக்காமல் பார்க்க வேண்டுமென்றால் வரிசை எண்ணைக் கேட்கும் கட்டளை தனியாக இருக்கிறது.

கேள்வி கேட்ட வாசகர் தம் நிரலைச் சோதிக்க ஒரு வரி தருகிறேன்: ‘கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ தமிழ் 123’. இதை எக்செல் கலத்திலிருந்து ஒருமுறை, உலாவியிலிருந்து ஒருமுறை, தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஒருமுறை, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒருமுறை ஒட்டிப் பார்த்து, ஒட்டியதன் குறியெண்களை மூலத்தோடு ஒப்பிடட்டும். கண்ணால் ஒப்பிடுவது செல்லாது. தங்கள் பக்கத்தில் திருத்தம் போட இடமிருந்தால் இரண்டு வரி போதும்: சென்ட்கீஸின் ‘வி’ எழுத்துக்குப் பதில் சென்ட்இன்புட்டில் விசை எண் 86, ஆபீஸ் மென்பொருள்களுக்குள் என்றால் கிளிப்போர்டே வேண்டாம்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதுபவர் ஒருவர்,
கோயம்புத்தூர்.